மரம் காயுற வரைக்கும்: தோணி செய்யப் படித்த கதை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மைக்கில் பேசிப் பழக்கமில்லை. உளி பிடிச்ச கை இப்போ நடுங்குது. எங்க குழு செய்யுற மரத்தோணியைப் பற்றிப் புதுக் குழுக்கள் நிறையக் கேக்காங்க, நீயே வந்து சொல்லுன்னு தலைவி அக்கா சொன்னாங்க. அதான் இந்தத் தோணியையும் தூக்கிட்டு வந்திருக்கேன். பேசி முடிச்சதும் கைக்குக் கை கொடுத்துப் பாருங்க. கயிற்றைப் பிடிச்சு மட்டும் தூக்காதீங்க, அடியில் பிடிங்க.

நம்ம தூத்துக்குடிக்காரங்களுக்குத் தோணின்னா என்னன்னு சொல்லத் தேவையில்லை. ஒரு காலத்தில் பாய் விரிச்சுக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏத்திக்கிட்டுப் போன மரக்கலம் அது. அப்புறம் இயந்திரம் வந்தது, பாய் இறங்கிடுச்சு. இன்னைக்குப் பாய்மரத் தோணியைப் பிள்ளைங்க பார்க்கணும்னா படத்திலதான் பார்க்கணும், இல்லைன்னா இந்த மாதிரி பொம்மையில்தான் பார்க்கணும்.

நாங்க 12 பேர். முதல்ல தோணி செய்யலை, தோணிக்குக் கயிறு மட்டும் கட்டினோம். ஒரு கடைக்கார அண்ணாச்சி ஆண் தச்சர்களிடம் உடம்பு செய்து வாங்கி, பாயும் நூலும் எங்களிடம் தருவார். ஒரு தோணிக்கு 120 ரூபாய். ஒன்றரை நாள் வேலை. பெண்களுக்கு விரல் மெலிசு, பொறுமை அதிகம், அதனால் கயிறு வேலை உங்களுக்குத்தான் பொருத்தம்னு சொல்வார். மொரீஷியஸ் தீவில் பாய்மரக் கப்பல் மாதிரி செய்யுறது பெரிய கைத்தொழில். அங்கேயும் மரவேலை பெரும்பாலும் ஆண்கள் கையில், பாய் தைக்கிறதும் கயிறு கட்டுறதும் பெண்கள் கையில். பொறுமை எங்களிடம் இருக்குன்னா, அந்தப் பொறுமை மரத்துக்கும் வேணும்தானே? அப்போ உடம்பை ஏன் நாங்க செய்யக்கூடாது? இதைத்தான் ஒரு குழுக் கூட்டத்தில் பேசினோம். தீர்மானம் போட்டோம்.

எங்க தெருவில் ஒரு ஓடாவித் தாத்தா இருந்தார். தோணி கட்டுற தச்சரைத்தான் ஓடாவின்னு சொல்வோம். வயசு 70 தாண்டியவர். "பொம்பளைங்களுக்கு எதுக்குத்தா இது"ன்னு முதல் நாள் கேட்டார். மூணாவது நாள் அவரே திண்ணையில் உட்கார்ந்து சாக்பீஸால் தரையில் தோணியை வரைஞ்சு காட்டினார்.

இனி நாங்க செஞ்ச தப்பைச் சொல்லுறேன். இதைச் சொல்லத்தான் வந்தேன். கூட்டமைப்பில் 60,000 ரூபாய் கடன் வாங்கினோம். சின்ன அறுவை இயந்திரம், உளி, இழைப்புளி, மரம் எல்லாம் வாங்கினோம். அண்ணாச்சி 30 தோணிக்கு ஆர்டர் கொடுத்தார், ஒன்று 1,200 ரூபாய். கடன் வாங்கின மறுமாசமே தவணை தொடங்கிடுச்சு. தவணை கட்டணும்னா தோணி போகணும். தாத்தா மரத்தைத் தட்டிப் பார்த்துட்டு, "இது பச்சை, காயட்டும்"னார். காய வைக்க எங்களுக்கு நேரமில்லை. அறுத்தோம், ஒட்டினோம், பாலிஷ் போட்டோம், அனுப்பிட்டோம். பார்க்க அழகாத்தான் இருந்தது.

ரெண்டு மாசம் கழிச்சு 19 தோணி திரும்பி வந்தது. பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே நகம் போற அளவு இடைவெளி. ரெண்டு தோணி வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிருந்தது. அண்ணாச்சி மேல் குத்தமில்லை, விரிஞ்ச தோணியை யார் வாங்குவா? 11 தோணிக்குத்தான் காசு வந்தது. அந்தத் தவணைகளைக் கட்ட ஒருத்தி ஆட்டை வித்தா. நான் கம்மலை அடகு வச்சேன். ரெண்டு பேர் குழுவை விட்டே போறேன்னாங்க. அன்னைக்கு ராத்திரி உடைஞ்ச தோணியை மடியில் வச்சுக்கிட்டு அழுதது எனக்கு மறக்காது.

தாத்தாதான் வந்து சொன்னார்: "தப்பு உங்க கையில் இல்லத்தா, அவசரத்தில். மரத்துக்குள்ள இருக்குற தண்ணி போகப் போக மரம் சுருங்கும். அது அறுக்குறதுக்கு முன்னாடி சுருங்கணும், ஒட்டின பிறகு சுருங்கினா விரியத்தான் செய்யும்."

அதுக்கப்புறம் மரத்தை எப்படி வைக்கிறோம்னு சொல்றேன், குறிச்சுக்கோங்க. பலகை வந்ததும் ரெண்டு முனையிலும் பழைய பெயிண்ட் பூசுவோம். முனை வழியாத்தான் ஈரம் சீக்கிரம் போகும், அதனால் முனைதான் முதல்ல வெடிக்கும். தரையில் படாம, பலகைக்கும் பலகைக்கும் நடுவே சின்னச் சட்டம் வச்சு, காத்து ஊடே போற மாதிரி நிழலில் அடுக்குவோம். வெயிலில் காய வைக்கக் கூடாது. மேல் மட்டும் காய்ஞ்சு உள்ளே பச்சையா நிற்கும். அடுக்கில் ஒரு துண்டை எடுத்து அதில் தேதியும் எடையும் எழுதுவோம். மளிகைக் கடைத் தராசே போதும். வாரம் ஒரு தடவை எடை போடுவோம். எடை குறைஞ்சுக்கிட்டே வந்தா இன்னும் ஈரம் போகுதுன்னு அர்த்தம். நாலு வாரம் ஒரே எடையா நின்னா அறுக்கலாம். எங்க பலகைக்கு ஏறக்குறைய ஆறு மாசம் ஆகுது. பட்டையாக அறுத்த பிறகும் ரெண்டு வாரம் அந்தப் பட்டைகளைச் சும்மா வைப்போம்.

எந்த மரம்னு எல்லாரும் கேக்காங்க. தேக்கு நல்ல மரம்தான், தச்சுப் பட்டறையில் துண்டு மலிவாவும் கிடைக்கும். ஆனா அதில் இழைக்கண் பெருசு. பெரிய கதவில் அது தெரியாது, ஒன்றரை அடித் தோணியில் அம்மைத் தழும்பு மாதிரி தெரியும். சின்ன வேலைக்கு இழை நெருக்கமான மரம் வேணும். மஞ்சக்கடம்பு கிடைச்சா நல்லது. பூவரசும் எங்களுக்குச் சரியா வருது. தேக்குத் துண்டைப் பாய்மரத்துக்கும் பீடத்துக்கும் வச்சுக்கிறோம். முடிச்சு இருக்குற துண்டை எவ்வளவு மலிவா கொடுத்தாலும் வாங்காதீங்க.

அடுத்தது அளவு. தாத்தா கட்டின மாதிரி 72 அடித் தோணியைத்தான் நாங்க செய்யுறோம். நிஜத் தோணியில் ஒரு அடின்னா எங்க தோணியில் கால் அங்குலம். 72 கால் அங்குலம், 18 அங்குலம். அதாவது 48-ல் ஒரு பங்கு. எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரணும். ரெண்டு அங்குலக் கனமான கயிறு, எங்களுக்கு ஒரு மில்லிமீட்டர் நூல். அஞ்சரை அடி ஆள் நின்னா ஒன்றரை அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு. நாங்க என்ன செஞ்சோம்னா, அந்த உயரத்துக்கு அட்டையில் சேலை கட்டின ஒரு பொம்பளையை வெட்டி வச்சிருக்கோம். எதைச் செஞ்சாலும் அவளைப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போம். கப்பி அவ தலையை விடப் பெருசா இருந்தா அந்தக் கப்பி தப்பு. கைப்பிடிச் சுவர் அவ கழுத்துக்கு வந்தா அது தப்பு. அளவுகோல் பிடிக்கத் தெரியாத உறுப்பினருக்குக்கூட அந்த அட்டைக்காரி சரி தப்பு சொல்லிடுவா.

உடம்புக்கு வருவோம். முதல்ல ஏரா. தோணிக்கு முதுகெலும்பு அதுதான், அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும். அது நூல் பிடிச்ச மாதிரி நேரா இல்லைன்னா மேலே என்ன செஞ்சும் பிரயோசனமில்லை. அதில் பள்ளம் வெட்டி வங்குகளைச் சொருகணும். வங்குன்னா விலா எலும்பு. நாலு மில்லிமீட்டர் பிளைவுட்டில் வெட்டுறோம். ஒவ்வொன்றையும் மூலைமட்டம் வச்சு நிமிர்த்தி ஒட்டணும். பிறகு ஒரு மெல்லிய பட்டையை வளைச்சு எல்லா வங்கு மேலும் வச்சுப் பார்க்கணும். ஏதாவது ஒரு வங்கில் படாம நின்னா அங்கே பள்ளம், ஒரு இடத்தில் துருத்தினா அங்கே மேடு. மேட்டை ராவி, பள்ளத்துக்கு ஒரு சிலும்பு ஒட்டிச் சரி பண்ணின பிறகுதான் மேல் பட்டை.

மேல் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் கனம், அஞ்சு மில்லிமீட்டர் அகலம். அறுக்கும்போது வாள்பல்லே ரெண்டு மில்லிமீட்டர் தின்னுடும். பாதிக்கு மேல் மரம் தூளாப் போகும். மரக்கணக்கு போடும்போது அதையும் சேருங்க, நாங்க முதல்ல சேர்க்கலை.

முன்பக்கம் அணியத்தில் பட்டை நல்லா வளையணும். காய்ஞ்ச பட்டையை வளைச்சா முறியும். சுடுதண்ணியில் அரை மணி நேரம் ஊற வச்சு, இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் மெதுவா வளைச்சு, தோணி மேலேயே கிளிப் போட்டு ராத்திரி முழுக்க விட்டுடணும். காலையில் காய்ஞ்ச பிறகுதான் ஃபெவிகால். ஈரத்தோட ஒட்டினா திரும்பவும் எங்க பழைய கதைதான். இடது பக்கம் ஒரு பட்டை போட்டா அடுத்தது வலது பக்கம் போடணும். ஒரு பக்கமாவே போட்டுக்கிட்டுப் போனா ஏரா அந்தப் பக்கம் இழுபட்டு வளையும். எங்க வாழைப்பழத் தோணி ரெண்டும் அப்படி வந்ததுதான். இன்னொன்று, தோணி நடுவில் அகலம், முனையில் குறுகல். அதனால் பட்டையும் முனைக்குப் போகப் போக மெலியணும். ஒரே அகலத்தில் போட்டா முனையில் ஒன்று மேல ஒன்று ஏறும்.

நிஜத் தோணியில் பட்டை இடுக்கில் பஞ்சும் எண்ணெயும் வச்சுக் கலப்பத்து அடிப்பாங்க, தண்ணி புகாம இருக்க. நாங்க மேல்தளப் பலகைக்கு ஒரு ஓரத்தில் கறுப்புப் பென்சில் தேய்ச்சு ஒட்டுறோம். தூரத்திலிருந்து பார்த்தா கலப்பத்துக் கோடு மாதிரியே தெரியும். அப்புறம் உப்புத்தாள்: 120, பிறகு 220, கடைசியில் 400. எப்பவும் இழை போற திசையில்தான் தேய்க்கணும்.

இதைத் தேய்க்கும்போது ஒரு எச்சரிக்கை. மரத்தூள் நெஞ்சுக்கு ஆகாது. வருஷக்கணக்கில் சுவாசிச்சா பெரிய நோயே வரும். முந்தானையை மூக்கில் கட்டிக்கிட்டாப் போதும்னு நினைக்காதீங்க. சரியான முகக்கவசம் போடுங்க. கைப்பிள்ளை இருக்குற வீட்டுக்குள்ள தேய்க்காதீங்க. இயந்திரம் ஓடும்போது வளையலைக் கழட்டி வையுங்க, சேலைத் தலைப்பைச் சொருகிக்கோங்க, தலைமுடியைக் கட்டிக்கோங்க. எங்க குழுவில் இது தீர்மானம், மீறினா 10 ரூபாய் அபராதம்.

பாய்மரத்தை உருட்டி எடுக்கக் கடைசல் இயந்திரம் தேவையில்லை. நேர் இழை உள்ள தேக்குச் சட்டத்தைச் சதுரமா எடுத்து, நாலு மூலையையும் சீவினா எட்டுப் பட்டம். எட்டையும் சீவினா பதினாறு. அதுக்குப் பிறகு உப்புத்தாளைச் சுத்திப் பிடிச்சு உருட்டினா உருண்டை. மேலே போகப் போக மெலியணும். பாய் தொங்குற சாய்ந்த கழி இருக்கே, அதுதான் பருமல். அதை மூங்கில் சீவலில் செய்யுறோம். மூங்கில் வளையும், முறியாது.

இப்போ பாய், கயிறு. இது நம்ம கைவேலை. மெல்லிய மல் துணி எடுத்துத் தேயிலைச் சாயத்தில் முக்கினா புதுத் துணியின் வெள்ளை போய், கடல் காத்து பட்ட நிறம் வரும். காத்து அடிச்சு உப்பின மாதிரி பாய் நிக்கணும்னு நாங்க முதல்ல கஞ்சி போட்டோம். கரப்பான் தின்னுட்டுப் போயிடுச்சு. இப்போ தண்ணி கலந்த ஃபெவிகாலைத்தான் தடவுறோம்.

கயிற்றுக்கு நைலான் வேண்டாம், முடிச்சு வழுக்கும், மினுமினுக்கும். பருத்தி நூலைத் தேன்மெழுகில் ரெண்டு தடவை இழுங்க, பிசிறு அடங்கும். கனமான கயிறு வேணும்னா தேங்காய் நார்க் கயிறு திரிக்கிற மாதிரியே மூணு புரியையும் ஒரு பக்கம் முறுக்கி, சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கணும். பாய்மரத்தைத் தாங்கி நிக்கிற கயிறு கறுப்பு. ஏத்தி இறக்குற ஆஞ்சானும் பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கிற தாமானும் பழுப்பு. உள்ளே இருக்குறதை முதல்ல கட்டி வெளியே வாங்க, கீழே இருந்து மேலே போங்க. மாத்திச் செஞ்சா விரல் நுழையாது. ரொம்ப இறுக்கவும் கூடாது. மழைக்காலத்தில் பருத்தி நூல் ஈரம் குடிச்சுச் சுருங்கும், பாய்மரம் சாஞ்சிடும். விறைப்பா நிக்கணும், இழுத்துக்கிட்டு நிக்கக் கூடாது.

இத்தனையும் சொன்னேன், விலையைச் சொல்ல வேணாமா? முதல்ல 1,200 ரூபாய்க்கு ஒத்துக்கிட்டோமே, அப்போ எங்களுக்குக் கணக்கு தெரியாது. ஒரு நோட்டுப் போட்டு, யார் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தான்னு எழுதினோம். ஒரு தோணிக்குப் பொருள் செலவு 600 ரூபாய். வேலை 38 மணி நேரம். 1,200-ல் 600 போனா மீதி 600. அதை 38-ஆல் வகுத்தா மணிக்கு 16 ரூபாய்கூட வரலை. களை எடுக்கப் போனாலும் அதைவிடக் கூடக் கிடைக்கும். அந்த நோட்டை எடுத்துட்டுப் போய் அண்ணாச்சிகிட்டே காட்டினோம். அவருக்கே ஆச்சரியம். இப்போ விலை 3,000. மணிக்கு 63 ரூபாய் நிக்குது, எட்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 500. அந்த விலையில் ஆர்டர் குறைஞ்சதுதான், ஆனா திரும்பி வந்த தோணி ஒன்றுகூட இல்லை. உங்க தொழில் தையலாகட்டும், ஊறுகாயாகட்டும், உங்க நேரத்தை நீங்க எழுதலைன்னா வேற யாரும் எழுத மாட்டாங்க.

ஒரு சந்தோஷத்தையும் சொல்லிடுறேன். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையைச் சேர்ந்த, இப்போ வெளிநாட்டில் இருக்குற ஒருத்தர் எங்க தோணியைப் பார்த்துட்டு அன்னபூரணி கப்பலைச் செஞ்சு தருவீங்களான்னு கேட்டார். வல்வெட்டித்துறைத் தமிழர்கள் கட்டின பாய்மரக் கப்பல் அது. ஒரு அமெரிக்கர் அதை வாங்கி வேற பேர் வச்சார். 1938-இல் அது அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்துக்கே போய்ச் சேர்ந்தது. 89 அடி நீளம். எங்க கணக்கில் 89 கால் அங்குலம், இருபத்திரண்டேகால் அங்குலம். அந்தக் கப்பலை வேப்ப மரத்தில் கட்டினாங்க, அதனால் வேம்பே வேணும்னார். வேம்பில் இழை குறுக்கும் நெடுக்குமா ஓடும், மெல்லிய பட்டையை வளைச்சா சிம்பு கிளம்பும். ஏராவையும் பீடத்தையும் வேம்பிலும், பட்டையைப் பூவரசிலும் செய்யுறோம்னு உள்ளதைச் சொன்னோம். ஒத்துக்கிட்டார். மரம் காய ஆறு மாசம் ஆகும்னோம். "காயட்டும், அவசரமில்லை"ன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்தக் கப்பலைப் பார்த்துப் பார்த்துச் செஞ்சோம்.

ஓடாவித் தாத்தா அதைப் பார்க்க இல்லை. போன வருஷம் போயிட்டார். அவர் இழைப்புளி எங்க கொட்டகையில் இருக்கு.

கடைசியா, கூட்டமைப்புக்கு எங்க குழுவின் கோரிக்கை. மாடு வாங்கினா மறுநாள் பால் கறக்கலாம். மரம் வாங்கினா மறுநாள் தோணி ஆகாது. அதனால் மரத்தொழிலுக்குக் கொடுக்குற கடனுக்கு முதல் ஆறு மாசம் வட்டி மட்டும் வாங்குங்க, அசல் தவணை அப்புறம் தொடங்கட்டும். ரெண்டாவது, கூட்டமைப்புக் கட்டடத்துக்குப் பின்னால் சும்மா கிடக்குற தகரக் கொட்டகையை மரம் காய வைக்கப் பொதுவாக் கொடுங்க. பொம்மை செய்யுறவங்க, பெட்டி செய்யுறவங்க எல்லாரும் பலகையை அங்கே அடுக்கிக்கலாம், வாடகை நாங்க தர்றோம். மூணாவது, பொறுப்பு எங்களுது. எந்தக் குழு கேட்டாலும் நாங்க 12 பேரும் வந்து சொல்லித் தருவோம்.

நாங்க விட்டதை நீங்க விட வேண்டாம். எங்க 19 தோணி விரிஞ்சதுக்குக் காரணம் எங்களுக்கு வேலை தெரியாதது இல்லை. காத்திருக்க எங்ககிட்டே காசு இல்லாதது. அந்தக் காத்திருக்குற காசைக் கொடுக்கத்தானே நாம எல்லாரும் வாரா வாரம் சேமிச்சு இந்தக் கூட்டமைப்பையே கட்டினோம்?

தோணியைக் கொண்டு வர்றேன், பாருங்க. அடியில் பிடிங்க.